பொருள்: ஸ்க்ரூபால் காமெடி – 'ஏறுமாறு நகைச்சுவை' சரியா?

அன்புடையீர்,

காதலர் இருவர் சரிக்குச் சரி முட்டிமோதும் பழைய ஹாலிவுட் படவகையான 'ஸ்க்ரூபால் காமெடி'க்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் ஒருவர் எழுதியது:

> 'கிறுக்கு நகைச்சுவை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் இவ்வகைப் படங்களால் உச்சத்துக்கு வந்த நடிகை கரோல் லோம்பார்டுக்கே அது பொருந்தவில்லை.

1920களின் இறுதியில் அவர் நகைச்சுவைப் படத் தயாரிப்பாளர் மாக் சென்னட்டின் குறும்படங்களில் நடித்தார். விழுவதும் துரத்துவதும் மோதுவதுமாக ஓடும் படங்கள். அவற்றை 'அடிதடி நகைச்சுவை' எனலாம். 1934இல் ஹவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ட்வென்டியத் செஞ்சுரி' வேறு ரகம். ரயில் பெட்டியில், நாடகத் தயாரிப்பாளராக வரும் ஜான் பாரிமோரைக் கால்களால் உதைக்கப் பார்க்கிறார் லோம்பார்ட். சிரிப்பு அந்த உதையில் இல்லை. தன்னை ஆட்டிவைக்க நினைக்கும் அந்தத் தயாரிப்பாளருக்குச் சரிக்குச் சரி கத்துகிறாள், சரிக்குச் சரி நடிக்கிறாள் அந்த நாயகி. அங்கேதான் சிரிப்பு.

'மை மேன் காட்ஃப்ரே' (1936) இன்னும் தெளிவு. பணக்கார வீட்டு ஐரீன், குப்பைமேட்டில் கண்ட ஒருவனை வீட்டுக்குக் கூட்டிவந்து பட்லர் ஆக்குகிறாள். கடைசியில் அவனையே மணக்கிறாள். பேச்சில் கோர்வை கிடையாது, பிடிவாதத்திலோ துளி பிசகில்லை. இவளையா கிறுக்கு என்பது? லோம்பார்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்த வேடம் இது. (பட்லராக நடித்த வில்லியம் பவல் அவருடைய முன்னாள் கணவர்; 1933இல் மணமுறிவு.)

சொல்லுக்குச் சொல் பெயர்த்த 'திருகுபந்து நகைச்சுவை' வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூபால் என்பது பேஸ்பாலில் வழக்கமான வளைபந்துக்கு எதிர்ப்பக்கம் வளையும் பந்து. பந்துவீச்சாளர் கார்ல் ஹப்பெல் அதை வீசித்தான் அக்காலத்தில் புகழ்பெற்றார். பந்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போகும் குணத்தை எடுத்துக்கொள்வோம்.

அதற்கு நம்மிடம் 'ஏறுமாறு' இருக்கிறது. மனைவி ஏறுமாறாக இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் சந்நியாசம் போ என்கிறது ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல். இப்படங்களின் நாயகனுக்கு அந்த வழியும் கிடையாது. ஏறுமாறானவளைத்தான் கைப்பிடித்தாக வேண்டும்!

லூபிட்ச் இயக்கிய 'டு பி ஆர் நாட் டு பி'யை இதில் சேர்க்க வேண்டாம். நாஜிகளைக் கேலிசெய்யும் அது அங்கதம். போர்க்கடன் பத்திரம் விற்க இந்தியானா சென்று திரும்புகையில், 1942 ஜனவரி 16 அன்று விமான விபத்தில் லோம்பார்ட் இறந்த பிறகே அப்படம் வெளிவந்தது. அவருக்கு வயது 33தான்.

இலக்கணம் அறிந்தோர் ஒன்று சொல்ல வேண்டும்: 'ஏறுமாறு நகைச்சுவை'யா, 'ஏறுமாற்று நகைச்சுவை'யா? என் வாய்க்கு முன்னதே வருகிறது.