டென்ட்டுக்கு ஒட்டி ஆனை வந்த ராத்திரி – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போடிக்காரன்:
கேரளாவுல மூணாறு பக்கம் சூரியநெல்லிக்கு மேல, தெரிஞ்சவரோட ஏலத்தோட்டத்து ஓரம். கேட்டுட்டுத்தான் தனியா டென்ட் போட்டேன். சின்னக்கானல் பக்கம் ஆனை நடமாட்டம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். நடுராத்திரி ஏலச்செடி சடசடன்னு ஒடிஞ்சுது. அப்புறம் காலடிச் சத்தமே இல்ல. தலைமாட்டுல அடிவயித்துலருந்து வர்ற உறுமல் மட்டும். நல்ல நிலா. வலை ஜன்னல் வழியா பார்த்தேன். இழுத்துக் கட்டுன கயித்துல தும்பிக்கை நுனி பட்டுச்சு, டென்ட் மொத்தமும் ஒரு தடவ அதிர்ந்துச்சு. அப்புறம் முன்னங்காலத் தூக்கி கயித்துக்கு அந்தப் பக்கம் வச்சுது. பின்னங்காலும் அதே மாதிரி. ஒரு முளைகூட பிடுங்கல. அவ்வளவு பெரிய உடம்பு, அந்தக் கயித்த ஏன் மிதிக்கல? இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

மறையூர்க்காரன்:
அண்ணே, தும்பிக்கையால தடவிப் பார்த்துட்டு கால் வைக்கிறது ஆனைக்குப் பழக்கம். உங்கள நெனச்சுத் தாண்டுச்சுன்னு எடுத்துக்காதீங்க. எனக்கு பயம் கரடிதான். சின்னாறு பக்கம், விடியக்காலம். பாறையச் சுத்தி வந்தா, புத்துக்குள்ள மூக்க விட்டு கரையான உறிஞ்சிக்கிட்டு நிக்குது. அந்தச் சத்தத்துல அதுக்கு நான் வந்ததே கேக்கல. தலையத் தூக்குச்சு, மூக்கு பூரா செம்மண்ணு. கிட்டக்க போற வரைக்கும் அதுக்குத் தெரியாது, தெரிஞ்சா மூஞ்சியத்தான் கிழிக்கும். பின்னாலயே நகர்ந்து வந்துட்டேன்.

கம்பத்துக்காரன்:
மறையூர்த் தம்பி, ஆனைய லேசா சொல்லாதீங்க. சின்னக்கானல்ல பிடிச்சு பெரியாறு காட்டுல விட்ட அரிக்கொம்பன், 2023 மே கடைசியில எங்க தெருவுக்குள்ள ஓடுச்சு. மாடியிலருந்து பார்த்தேன். அடிபட்ட ஒருத்தர் பிழைக்கவே இல்ல.

போடி அண்ணே, இனிமே போனா அரிசி, உப்பு, பழம் எதையும் டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க. வாசனைக்கே வரும். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைய உடைச்சது அரிசிக்குத்தான். ஆனைச் சாணி (லத்தி) கெடக்குற இடம், தண்ணிக்கு எறங்குற தடம், பலாமரத்தடி, இங்கெல்லாம் டென்ட் வேண்டாம். டார்ச்ச மூஞ்சிக்கு நேரா அடிக்காதீங்க. பட்டாசு போட்டு வெரட்டவே வெரட்டாதீங்க, கூட்டத்துல குட்டி இருந்தா திரும்பி வந்துடும். ஓடவேண்டி வந்தா நேரா ஓடாதீங்க, பாறையோ பெரிய மரமோ நடுவுல இருக்கட்டும். எல்லாத்துக்கும் மேல, சாயங்காலமே தோட்டத்து வாட்சர்கிட்ட கேளுங்க. கூட்டம் எந்தச் சரிவுல நிக்குதுன்னு அவருக்குத் தெரியும். இருக்குன்னு சொன்னா அன்னைக்கு தோட்டத் தொழிலாளிங்க தங்குற லயத்து வீட்டுலயே படுத்துக்கோங்க.