பைத்தானில் டெஸ்க்டாப் ஷார்ட்கட்: தமிழ்ப் பெயர் வைத்தால் சேவ் ஆகவில்லை

கேள்வி:
விண்டோஸ் 11, பைத்தான் 3. பைத்தானிலிருந்து விண்டோஸ் வசதிகளை அழைக்க உதவும் பைவின்32 நிறுவியாயிற்று. விண்டோஸோடு வரும் டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல் ஆப்ஜெக்டின் கிரியேட்ஷார்ட்கட் மூலம் டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் உருவாக்குகிறேன். ஆங்கிலப் பெயர் என்றால் சரி. ‘கணக்கு’ என்று பெயர் வைத்தால் சேவ் வரியில் பிழை வருகிறது. இன்னொன்று, டெர்மினலில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் செட்டிங்ஸ் கோப்பைக் காணவில்லை என்கிறது.

பதில் 1:
இரண்டாவதை முதலில் பார்ப்போம். ஷார்ட்கட்டின் வொர்க்கிங்டைரக்டரியை, அதாவது எந்த ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும் என்பதை, காலியாக விட்டிருப்பீர்கள். அதில் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைக் கொடுங்கள். எதை இயக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட்பாத்தில் பைத்தான்டபிள்யூ.எக்ஸி (ஜன்னல் இல்லாமல் ஓடும் பைத்தான்) மட்டும்தான் இருக்க வேண்டும். ஸ்கிரிப்டின் முழுப் பாதை ஆர்கியுமென்ட்ஸில், இரட்டை மேற்கோளுக்குள். மேற்கோள் இல்லாவிட்டால் பாதையில் வரும் முதல் இடைவெளியிலேயே அறுந்துவிடும். பைத்தான்டபிள்யூ போட்டால் கறுப்பு ஜன்னல் வராது, பிழைச் செய்தியும் வராது. ஆகவே லாக் கோப்பு ஒன்று அவசியம்.

பதில் 2:
தமிழ்ப் பெயர் விஷயம்: இந்த ஆப்ஜெக்ட் பழையது, பாதையை ஆன்சி கோட்பேஜுக்கு (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) மாற்றித்தான் சேமிக்கும். தமிழுக்கு விண்டோஸில் ஆன்சி கோட்பேஜே கிடையாது. எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். கோப்புப் பெயரில் கேள்விக்குறிக்கு அனுமதி இல்லை, அதனால்தான் பிழை. ஆங்கிலப் பெயரில் சேவ் செய்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். ஓஎஸ்.ரீனேம் வேண்டாம், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் நின்றுவிடும், ஓஎஸ்.ரீப்ளேஸ் போடுங்கள்.

ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரின் பெயரே தமிழில் என்றால் இந்தத் தந்திரம் பலிக்காது. அப்போது ஷெல்.அப்ளிகேஷன் என்ற இன்னொரு விண்டோஸ் ஆப்ஜெக்ட் பக்கம் போக வேண்டும்: நேம்ஸ்பேஸ், பார்ஸ்நேம், பிறகு கெட்லிங்க். அது யூனிகோடைத் தாங்கும்.

கேட்டவர்:
பெயரை மாற்றியதும் வந்துவிட்டது, நன்றி. ஆனால் வேறொரு கணினியில் ஓட்டினால் டெஸ்க்டாப் ஃபோல்டரே இல்லை என்கிறது.

பதில் 1:
யூசர் ஃபோல்டரோடு ‘டெஸ்க்டாப்’ என்று ஒட்டிப் பாதை அமைத்திருக்கிறீர்களா? ஒன்டிரைவ் பேக்கப் போட்டிருந்தால் டெஸ்க்டாப் அதற்குள் போய்விடும். டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல்லின் ஸ்பெஷல்ஃபோல்டர்ஸிடம் டெஸ்க்டாப் எங்கே என்று கேட்டு வாங்குங்கள். எல்லாப் பயனருக்குமான டெஸ்க்டாப் என்றால் அட்மின் உரிமை வேண்டும்.

ஒரு பொறி: அதே பெயரில் ஷார்ட்கட் இருந்தால் கிரியேட்ஷார்ட்கட் புதிதாக உருவாக்காது, பழையதைத்தான் திறக்கும். நீங்கள் தொடாத பழைய ஆர்கியுமென்ட்ஸ் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பதில் 3:
லினக்ஸிலும் வேண்டுமென்றால் இவ்வளவு பாடில்லை. அங்கே ஷார்ட்கட்டாக இருக்கும் டாட் டெஸ்க்டாப் கோப்பு வெறும் யூடிஎஃப்-8 (யூனிகோட்) உரை. தமிழ்ப் பெயர் நேராகவே போகும். எதை இயக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸெக் வரி ஷெல் (டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் நிரல்) வழியாக ஓடுவதில்லை என்பதால் அலைக்குறி (~) வீட்டு ஃபோல்டராக விரியாது, முழுப் பாதை எழுதுங்கள். சதவீதக்குறி வந்தால் இரண்டாகப் போடுங்கள். எழுதி முடித்ததும் சிஎச்மாட் கட்டளை கொண்டு இயக்க அனுமதி கொடுங்கள். க்னோம் டெஸ்க்டாப்பில் அதற்குப் பிறகும் திறக்காவிட்டால், ஐகானை வலது சொடுக்கி இயக்க அனுமதிக்கும் தேர்வை ஒருமுறை அழுத்த வேண்டும்.