எழுந்திருக்க நினைத்தவுடனே இறுகும் கழுத்து

கழுத்து வலிக்கு அலெக்சாண்டர் டெக்னிக் வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். லண்டனில் ஓர் ஆசிரியையிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். உட்காரும்போதும் எழும்போதும் வேலை செய்யும்போதும் நம்மை அறியாமல் உடலை இறுக்கும் பழக்கத்தைக் கவனித்து நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் முறை இது. இதில் மசாஜ் கிடையாது, உடற்பயிற்சியும் கிடையாது. பாடம் என்றுதான் சொல்கிறார்கள், போகிறவர் மாணவர், நோயாளி இல்லை.

முதல் வகுப்பில் ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்தார். பிடரியில் விரல்களை லேசாக வைத்துக்கொண்டு, "எழுந்திருங்கள்" என்றார். நான் இன்னும் அசையக்கூட இல்லை, அதற்குள் "இதோ, இறுகிவிட்டது பாருங்கள்" என்றார். உண்மைதான். எழ வேண்டும் என்று நினைத்ததுமே பிடரிச் சதை சுருங்கி, தலை பின்னால் சாய்ந்து, மோவாய் மேலே போய்விடுகிறது, கூடவே மூச்சும் நின்றுவிடுகிறது. அப்புறம் அவர் சொன்னது: எழச் சொன்னாலும் எழாதீர்கள், முதலில் கழுத்தைத் தளர விட்டுவிடுங்கள், தலை முன்னும் மேலுமாகப் போகட்டும், முதுகு நீளட்டும், அகலட்டும். இதெல்லாம் நாம் முயன்று செய்ய வேண்டியது இல்லை, மனதில் நினைத்தால் போதும். அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் கை கொஞ்சம் வழிகாட்டியது, இடுப்பில் மடிந்து முன்னால் சாய்ந்தேன், எழுந்து நின்றுவிட்டேன், தொடையில் அந்த வழக்கமான உந்தல் இல்லாமலே.

இதைக் கண்டுபிடித்தவர் எஃப். எம். அலெக்சாண்டர், 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதை சொல்லும் கலைஞர். மேடையேறினால் குரல் கம்மிவிடும், ஓய்வெடுத்தால் சரியாகும், மறுபடி பேசினால் மறுபடி கம்மும். கண்ணாடிகளை வைத்துத் தன்னையே கவனித்ததில், பேசத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, வாய் வழியாக மூச்சை உறிஞ்சுவது தெரிந்தது. தலையைச் சரியாக வைக்க நேரடியாக முயன்றபோது பலிக்கவில்லை, பேச வேண்டும் என்று தோன்றும் கணத்திலேயே பழைய பழக்கத்தை நிறுத்தினால்தான் பலித்தது. 1904இல் லண்டனுக்கு வந்து கடைசிவரை கற்பித்தார். "நிமிர்ந்து உட்கார்" என்று நம் வீடுகளில் அதட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் கருத்து, அப்படி நிமிர்கிறவர்கள் இன்னொரு விறைப்பைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வகுப்பின் இன்னொரு பாதி மேசையில். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலைக்குக் கீழே இரண்டு மூன்று புத்தகங்கள். இதை வீட்டிலும் தரையில் செய்யலாம், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எனக்கு அதிகம் உதவியது இதுதான். ஆனால் மாற்றம் தெரிந்தது சமையலறையில். வெங்காயம் நறுக்கும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும், கத்தி பிடிக்காத கைகூட முறுக்கிக்கொண்டிருக்கும். இப்போது நடுவில் நிறுத்தி, கழுத்தை விட்டுவிட்டு, மறுபடி நறுக்குகிறேன். வலி முழுக்கப் போகவில்லை, வருவது குறைந்திருக்கிறது.

ஆய்வு ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள், உண்டு. நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு வருடம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி, 24 பாடம் படித்தவர்களுக்கு 3 நாள். கழுத்து வலிக்கும் 2015இல் ஓர் ஆய்வு வந்தது, அதிலும் பலன் தெரிந்தது.

கை மரத்துப்போகிறது, விரலில் பலம் இல்லை என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். செலவு பெரும்பாலும் நம் கைக்காசுதான், எனவே தனிப் பாடத்துக்கு முன்னால் குழு வகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்களில் வயலினோ வீணையோ வாசிப்பவர்கள் யாராவது இதைக் கற்றிருந்தால், தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதுங்கள், என் ஆசிரியைக்கு நாற்காலிதான் பழக்கம்.