விமானச் சிப்பந்தி வேலைக்குப் போகும் மகளைத் தற்காப்பு வகுப்பில் சேர்க்கலாமா?

பிடோக் அம்மா:
வணக்கம். மகளுக்கு 22 வயது. விமானச் சிப்பந்தி வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் பயிற்சி. குடித்துவிட்டு ஒரு பயணி சிப்பந்தியை அடிக்கும் வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. சிலம்பமோ சிலாட்டோ, எதிலாவது சேர்த்துவிடட்டுமா? ஒரு மாதத்தில் என்ன வந்துவிடும் என்று அவள் சிரிக்கிறாள். பெப்பர் ஸ்பிரே வாங்கிக் கொடுக்கவும் யோசனை இருக்கிறது.

ஈசூன் தம்பி:
அக்கா, பெப்பர் ஸ்பிரே மட்டும் வேண்டாம். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். அதுவும் விமானத்துக்குள் அடித்தால் அவளுக்கும் சேர்த்துத்தான் கண் எரியும்.

பழைய ஜூடோக்காரன்:
தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்கு மேல் ஜூடோ சொல்லிக்கொடுத்தவன். 2001 செப்டம்பருக்குப் பிறகு ஒரு விமான நிறுவனம் சிப்பந்திகளுக்குத் தற்காப்பு கற்றுத்தரக் கூப்பிட்டது. அதுவரை அவர்களுக்கு இருந்த பாடம், கடத்துபவன் சொல்வதைக் கேள், தரையிறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். 1991 மார்ச்சில் கடத்தப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ 117 சாங்கி விமான நிலையத்தில் நின்றபோது இரவெல்லாம் பேச்சு நடந்தது, விடிந்ததும் கமாண்டோக்கள் உள்ளே புகுந்து அரை நிமிடத்தில் முடித்தார்கள். விமானத்தையே ஆயுதமாக்க ஒருவன் வருவான் என்றான பிறகு அந்தப் பாடம் செல்லாது.

சரி, முதல் வகுப்பில் என் மானம் போன கதை. பெரிய கூடம், மெத்தை விரித்து ஆளைத் தூக்கிப் போடக் காட்டினேன். மூலையில் நின்ற ஒரு பெண், “மாஸ்டர், இவ்வளவு இடம் எங்களுக்கு ஏது?” என்றாள். அடுத்த வாரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, மனைவியின் தையல் டேப்பால் அளந்து நடுவே 50 சென்டிமீட்டர் விட்டேன். முதல் அடி வைத்ததுமே என் கால் நாற்காலியில் மாட்டிக்கொண்டது! தெரிந்ததில் முக்கால்வாசியை அன்றே மூட்டை கட்டினேன்.

மிஞ்சியது கொஞ்சம்தான். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு கை எட்டாத தூரத்தில் நிற்பது. இரண்டு உள்ளங்கையும் நெஞ்சு உயரத்தில் விரிந்திருக்க வேண்டும். பார்ப்பவனுக்குச் சமாதானம், நமக்குக் கேடயம். முடிந்தால் தள்ளுவண்டியை நடுவில் விடுவது. அப்புறம், மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்கவே கூடாது. பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடம்தான் பிடியின் ஓட்டை. முழங்கையை அவன் பக்கம் மடக்கிக் கட்டைவிரல் வழியாகத் திருகினால் கை வந்துவிடும். பலமே வேண்டாம், பழக்கம்தான் வேண்டும்.

நான் ஓயாமல் நச்சரித்தது இன்னொன்று. பிளாஸ்டிக் கைவிலங்கு போட்ட ஆளைக் கவிழ்த்துப் போடாதே, முதுகில் உட்காராதே. மூச்சு நின்றுவிடும்.

நடுவானம்:
பதினாறு வருடம் பறந்தவள் நான். மாஸ்டர் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கைக்கு வேலை வருவதற்கு முன்னால் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை இருக்கிறது. 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் காலணிக்குள் குண்டு வைத்திருந்தவனைச் சிப்பந்தி கவனித்தது தீக்குச்சி வாடை அடித்ததால்தான். தடுக்கப்போன ஒருவரை அவன் கையில் கடித்தான். பயணிகள் பெல்ட்டால் கட்டிப்போட்டார்கள்.

வாசலில் வணக்கம் சொல்லும்போது நாங்கள் சும்மா சிரித்துக்கொண்டு நிற்பதில்லை அக்கா. யாரிடம் மது வாடை, யார் நடை தள்ளாடுகிறது, ஏதாவது ஆனால் உதவிக்குக் கூப்பிட யார் வாட்டசாட்டமாக இருக்கிறார் என்று மனதில் குறித்துக்கொள்வோம். ஆளைக் கட்டுவதா என்பதைப் பெரும்பாலும் கேப்டன்தான் முடிவு செய்வார், 1963 டோக்கியோ ஒப்பந்தம் அவருக்கு அந்த அதிகாரம் தருகிறது. ஹாங்காங்கில் ஒரு விமான நிறுவனம் சிப்பந்திகளுக்கு விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றுத்தந்ததும் உண்மை. எனக்கு வாய்த்த கலை தள்ளுவண்டி பிரேக் போடுவதுதான்.

பிடோக் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டி, சமையலறையில் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். இரண்டு முறை விடுவிக்க முடியவில்லை. மூன்றாவது முறை வந்துவிட்டது, என் கண்ணாடி வளையலும் ஒன்று போயிற்று.

பழைய ஜூடோக்காரன்:
மிச்ச வளையலைக் கழற்றி வைத்துவிட்டு இடது கையிலும் பழகச் சொல்லுங்கள்.