நொச்சிக்குப்பம் மீன் சந்தை: போராட்டம் ஜெயித்ததா, அரசு சமாளித்ததா?

வரிகட்டுபவன்:
"அரசு காது கொடுத்துக் கேட்பதே இல்லை" என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 ஏப்ரலில், சென்னை மெரினாவை ஒட்டி நொச்சிக்குப்பம் வழியாகப் போகும் லூப் சாலையின் நெரிசலை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி மீன் கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே இழுத்துப்போட்டு மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் சுமார் 15 கோடி ரூபாய் செலவில் 366 கடைகளோடு புதுச் சந்தை திறந்தாயிற்று. இன்னும் என்ன வேண்டும்?

உப்புக்காற்று:
சந்தை வேலை இடிப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது சார். மறியலால் கிடைத்தது, சந்தை தயாராகும்வரை பழைய இடத்தில் விற்கலாம் என்ற அவகாசம்தான். சாலைதான் குப்பத்துக்குள் வந்தது, நாங்கள் சாலைக்கு வரவில்லை என்பது மீனவர்களின் வாதம். படகை ஏற்றுவது, வலையைக் காயப்போடுவது, மீன் விற்பது எல்லாம் அதே மணலில்தான். பாட்டன் காலத்து உரிமை அது. கடை எண் போட்டுக் கொடுத்ததும் வெறும் ஒதுக்கீடாகிவிடுகிறது. ஒதுக்கீட்டை ரத்து செய்ய ஒரு கடிதம் போதும்.

பழையகோப்பு:
தம்பி, நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உரிமை என்று எழுதினால் கோப்பு நகராது. யாருக்கு, எத்தனை சதுர அடி, எந்தத் தலைப்பில் செலவு, இதைத்தான் எழுத முடியும். அதனால் நீங்கள் எதைக் கேட்டாலும் கோட்டையிலிருந்து திட்டமாகத்தான் வெளியே வரும். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. 1985-ஐ நினைத்துப் பாருங்கள். மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போய், துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். அவருக்கே அள்ளி அள்ளி ஓட்டுப் போட்ட குப்பங்கள் அவை! அங்கிருந்து இந்தச் சந்தைவரை வந்தது சும்மா இல்லை.

உப்புக்காற்று:
சரி ஐயா, 2025 ஆகஸ்டை எந்தக் கோப்பில் வைப்பீர்கள்? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்று தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறப்படுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது, நள்ளிரவில் கைது. மறுநாள் அமைச்சரவை இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. வேலையைக் கேட்டவருக்கு டிபன்.

வரிகட்டுபவன்:
அப்படியானால் நீதிமன்ற உத்தரவை அரசு மீற வேண்டுமா? நான் தினமும் லூப் சாலையில் ஆபீஸ் போனவன். நட்டநடு ரோட்டில் பைக்கை நிறுத்துவார்கள், என்ஜினைக்கூட அணைக்க மாட்டார்கள். வஞ்சிரத்தைத் துண்டு போடச் சொல்லி, பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, சில்லறைக்காகப் பேரம் நடக்கும். பின்னால் ஆம்புலன்ஸ் அலறும்.

மந்தைவெளி மீனா:
ரோட்டில் நின்றது மீன் வாங்கியவர் பைக், இடிபட்டது மீன் விற்றவர் கடை. அதை விடுங்கள். உத்தரவை மீறச் சொல்லவில்லை, ஆனால் எத்தனையோ உத்தரவு தூசி படிந்து கிடக்க, ஏழை குடியிருக்கும் இடமென்றால் மட்டும் புல்டோசர் உடனே கிளம்பிவிடுகிறது. 2022 மே மாதம், ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டி வீடுகளை இடித்தார்கள். ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பிறகு, பக்கத்திலேயே மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியில் வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை இடிப்பதற்கு முந்தின வாரம் சொல்ல எந்த நீதிமன்றம் தடுத்தது?

பழையகோப்பு:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. ஆனால் உப்புக்காற்றுக்கு ஒன்று சொல்கிறேன். உரிமை வேண்டுமென்றால், படகு ஏற்றும் இடம், வலை காயும் இடம் எல்லாவற்றையும், கடற்கரையில் எந்த இடம் எதற்கு என்று காட்டும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் சொல்லிப் போராடுங்கள். மறியலால் அவகாசம் கிடைக்கும். நீதிமன்றத்தில் எடுபடுவது வரைபடம்தான்.

உப்புக்காற்று:
வரைபடத்துக்கான கருத்துக் கேட்பில் குப்பத்துக்காரர் பேசப் போனால் நேரமாகிவிட்டது என்று மைக்கைப் பிடுங்காமல் இருக்க வேண்டுமே ஐயா. அதற்கே ஒரு மறியல் தேவைப்படும்.

வரிகட்டுபவன்:
மறுபடியும் மறியலா! அன்றைக்கு நான் எந்த வழியாக ஆபீஸ் போவது, அதையும் சொல்லிவிடுங்கள்.