பழைய ஹம்பக்கர் வாங்கியவர்களின் அனுபவங்கள்: மீட்டர் சொன்னதும் காது சொன்னதும்

களியக்காவிளையிலிருந்து:

எங்கள் பக்கம் எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பஞ்சமே இல்லை. குழித்துறை, மார்த்தாண்டம், எல்லை தாண்டினால் பாறசாலை, எந்த சர்ச் குவயரை எடுத்தாலும் ஒன்றாவது இருக்கும். டிசம்பர் நெருங்கும்போது அதில் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணி என் வீட்டுக்கு வந்து சேரும். புது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு, அதாவது ஆம்பிளிஃபயருக்கு, அனுப்பும் பாகம்) வாங்கப் பையன்களிடம் காசு இருக்காது. "அண்ணே, செகண்ட்ஹேண்டில் ஏதாவது கிடைக்குமா?" என்பார்கள்.

அப்படி ஒரு பையனுக்காகத்தான் நெய்யாற்றின்கரையில் ஒரு சேட்டன் கழற்றி வைத்திருந்த இரண்டு ஹம்பக்கர்களை (இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள், வைத்த பிக்கப்) பார்க்கப் போனேன். இரண்டுமே நாலு வயர் ரகம். ஒன்றைக் காட்டி, "இது நல்ல சாதனம், ஒரு குழப்பமும் இல்லா" என்றார். இன்னொன்றை, "இது போச்சு மோனே. காயில் அறுந்து 'கட்' ஆயிடுச்சுன்னு மெக்கானிக் சொன்னான். வேணும்னா சும்மா கொண்டு போய்க்கோ" என்று ஓரமாகத் தள்ளினார்.

பையில் மல்டிமீட்டர் இல்லாமல் நான் பழைய பிக்கப் பார்க்கப் போவதில்லை. 20கே (20 கிலோ ஓம்) அளவில் வைத்து, 'போச்சு' என்ற பிக்கப்பின் கறுப்பு வயரிலும் பச்சை வயரிலும் பிடித்தேன். ஒன்றும் காட்டவில்லை, உண்மைதான். ஆனால் அதன் சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாக வெட்டி விடப்பட்டிருந்தன. ஹம்பக்கருக்குள் இரண்டு காயில் உண்டு. இரண்டையும் தொடராக இணைப்பது அந்தச் சிவப்பு-வெள்ளை முடிச்சுதான். முடிச்சைப் பிரித்துவிட்டு இரண்டு கோடியிலும் அளந்தால் எந்த மீட்டரும் கட் என்றுதான் சொல்லும். கறுப்பு-வெள்ளை அளந்தேன், 4.2. சிவப்பு-பச்சை, அதுவும் 4.2. சிவப்பையும் வெள்ளையையும் விரலால் முறுக்கிவிட்டு மறுபடி கறுப்பு-பச்சையில் வைத்தால் 8.4 கிலோ ஓம். பிரிட்ஜ் பிக்கப்புக்கு (கம்பி முடியும் பக்கம் மாட்டுவது) அருமையான அளவு.

சேட்டனிடம் மீட்டரைக் காட்டினேன். சொல்லாமல் சும்மா வாங்கி வந்திருக்கலாமே என்று இங்கே யாராவது எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த தடவையும் அதே வீட்டுக்குப் போக வேண்டியவன் நான். அவர் சிரித்துவிட்டு ஒரு நியாயமான விலை சொன்னார், இரண்டையும் வாங்கினேன்.

வம்பு செய்தது அந்த 'நல்ல சாதனம்'தான். மீட்டரில் 7.6. நெக் பிக்கப்புக்கு (கிட்டாரின் கழுத்துப் பக்கம் மாட்டுவது) வேறென்ன வேண்டும்? ஆம்பில் கொடுத்து ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தேன், இரண்டு காயிலிலும் 'டொக்' என்று பளிச்சென்று கேட்டது. கிட்டாரில் மாட்டி வாசித்தால் மட்டும் மூக்கால் பேசுகிற மாதிரி ஒல்லியான சத்தம். கூடவே உறுமல் வேறு. அந்த உறுமலை அடக்கத்தானே 1955-இல் கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த ஸேத் லவர் இரண்டு காயில் வைத்த இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்! இரண்டு காயிலுக்கும் காந்த முனை எதிரெதிர், மின் இணைப்பின் திசையும் எதிரெதிர். அதனால் கம்பியின் அதிர்வு இரண்டிலுமிருந்து சேர்ந்து கூடும், வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். என் கையில் இருந்தது பாட்டைக் கழித்து உறுமலைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க டிஜிட்டல் மீட்டரைவிடப் பழைய முள் மீட்டர்தான் வசதி. டிவி மெக்கானிக் யாரிடமாவது இருக்கும். டிசியில் மிகக் குறைந்த அளவில் வைத்து, பிக்கப்பின் இரண்டு கோடியிலும் மாட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை ஒரு காயிலின் மேல் ஒட்டவைத்து வெடுக்கென்று எடுத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். அடுத்த காயிலிலும் அதே பக்கம்தான் துள்ள வேண்டும். இதில் ஒன்று வலது பக்கம் போனது, மற்றது இடது பக்கம்.

முடிச்சைப் பிரித்து எந்த வயருக்கு எது ஜோடி என்று அளந்தபோது விஷயம் வெளிவந்தது. சிவப்புக்கு ஜோடி கறுப்பு, வெள்ளைக்கு ஜோடி பச்சை. இது டிமார்ஸியோ என்ற பிக்கப் கம்பெனியின் நிற முறை. அதில் சிவப்பு ஹாட் (சத்தம் வெளியே போகும் வயர்), கறுப்பும் வெள்ளையும் முடிச்சு, பச்சை கிரவுண்ட். இன்னொரு கம்பெனியான செமோர் டங்கன் முறையிலோ கறுப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் முடிச்சு, பச்சை கிரவுண்ட். முன்பு யாரோ டங்கன் படத்தைப் பார்த்து இதைப் பற்றவைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு காயில் மட்டும் தலைகீழாகிவிடும். மொத்த ஓம் மாறாது, அதனால் மீட்டர் மூச்சே விடாது. முடிச்சை மாற்றிப் போட்டதும் சத்தம் நிறைந்தது, உறுமல் அடங்கியது.

பேர் தெரியாத மலிவு பிக்கப்புகளுக்கு இந்த இரண்டு முறையில் ஏதாவது ஒன்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நிறத்தை நம்பாமல் ஜோடியை அளந்து, முள்ளைப் பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன்.

வயரிங்கில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 500கே பாட் (சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கத் திருப்பும் பொட்டென்ஷியோமீட்டர்), டோனுக்கு 223 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், அதாவது 0.022 மைக்ரோஃபாரட். கடையில் 500 இல்லை, 470 தான் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒரே பெட்டியில் வரும் பாட்களுக்குள்ளேயே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். பாட் முதுகில் கிரவுண்ட் பற்றவைக்க 25 வாட் அயர்ன் திணறும். அதை வைத்து நெடுநேரம் சுட்டுக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெடும். முதுகைச் சுரண்டிவிட்டு, 60 வாட் வைத்துச் சட்டென்று முடிப்பது நல்லது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மீட்டர் கதையில் எங்கள் ஊர்ப் பங்கு ஒன்று. நான் விற்க வைத்திருந்த பிக்கப்பைப் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். கம்பெனித் தாளில் 8.1 என்று போட்டிருக்கிறது. வந்ததோ ஏப்ரல் மாத மத்தியானம், பாலக்காட்டு வெயில் தெரியுமே. மீட்டரில் 8.6. "யாரோ காயிலை மாத்திச் சுத்தியிருக்காங்க, எனக்கு வேண்டாங்க" என்று எழுந்துவிட்டார். தாமிரக் கம்பியின் தடை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். தாளில் இருப்பது பெரும்பாலும் 20, 25 டிகிரியில் அளந்தது. வாய்ப்பேச்சில் நம்ப மாட்டார் என்று பக்கத்து வீட்டு ஏசி அறையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தோம், 8.3-க்கு இறங்கியது. வாங்கிக்கொண்டு போனார். ஆகவே நண்பர்களே, புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகச் சண்டை போடாதீர்கள். தாளில் இருப்பதில் பாதி காட்டினால்தான் கவலை, ஒரு காயில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் யாரும் சோதிப்பதில்லை. ஆம்பில் கெயினை ஏற்றிவிட்டு பிக்கப்புக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள். பேச்சு ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டால் உள்ளே மெழுகு சரியாக இல்லை, காயில் தளர்ந்திருக்கிறது. மேடையில் கீச்சென்று கத்தும். விலையைக் குறைத்துக் கேட்க இது நல்ல காரணம், ஏனென்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். பாரஃபின் மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. மெழுகுப் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். சூடு 65 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காயில் சுற்றிய பிளாஸ்டிக் கட்டை வளைந்துவிடும். பிக்கப்பை முக்கிக் குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுங்கள். தேன்மெழுகுக்கு நான் அலைந்தேன். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு என்ன கவலை, ரப்பர்த் தோட்டம் முழுக்கத் தேனீப் பெட்டிதானே.

நகரியிலிருந்து:

களியக்காவிளை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் தெருவில் விசைத்தறி சத்தம் ஓயாது, அதனால் ஆம்பில் வரும் இரைச்சல் எது, வெளியே இருப்பது எது என்று பிரிப்பதே ஒரு வேலை. என் கிட்டாரில் நெக்கில் பழைய ஹம்பக்கர்: உலோக மூடி, ஒரே வயர், அதைச் சுற்றிப் பின்னல் உறை. பிரிட்ஜில் டங்கன் நிறத்தில் நாலு வயர் பிக்கப். தனித்தனியாக வாசித்தால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒலிக்க ஸ்விட்சை நடுவில் வைத்தால் சத்தம் ஒல்லியாகிவிடுகிறது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பழைய பிக்கப்பின் வயரையும் பின்னலையும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். நடுவில் சத்தம் வந்துவிட்டது. ஆனால் இப்போது அந்த மூடியில் விரல் பட்டாலே 'ஙொய்' என்கிறது. மூடியின் அடியில் 'பேட்டன்ட் அப்ளைடு ஃபார்' என்று ஸ்டிக்கர் இருக்கிறது, அசலாக இருக்குமா?

களியக்காவிளையிலிருந்து:

முதலில் அந்தப் பழையதை முன்பிருந்த மாதிரியே மாற்றிவிடுங்கள். பின்னல் உறை உலோக மூடியோடு சேர்ந்தது. அது எப்போதும் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். இப்போது அது ஹாட் பக்கம் போய்விட்டதால் மூடியே ஆன்டெனாவாகி, தறி மோட்டாரிலிருந்து ட்யூப்லைட் வரை எல்லாவற்றையும் பிடிக்கிறது. இரண்டு காயில் அடக்குவது காந்தப் புலத்தால் வரும் உறுமலைத்தான். இந்த மாதிரி இரைச்சலுக்குக் கிரவுண்ட் ஆன மூடியும் உறையும்தான் காவல்.

நடுவில் ஒல்லியாவது இரண்டு பிக்கப்பின் திசையும் எதிரெதிராக இருப்பதால்தான். திசை மாற்ற வேண்டியது நாலு வயர் பிக்கப்பில். கறுப்பும் பச்சையும் இடம் மாறட்டும், சிவப்பு-வெள்ளை முடிச்சு அப்படியே இருக்கட்டும். உறையில்லாத வெறும் வயர் ஒன்று இருக்குமே, அதைக் கிரவுண்டை விட்டு அசைக்காதீர்கள். பழையதின் காந்தத்தைத் திருப்பிப் போட்டும் இதைச் செய்யலாம். அதற்கு மூடியின் சால்டரை எடுக்க வேண்டும், உள்ளே இருப்பது ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் கம்பி. ஒரு இழை அறுந்தால் அவ்வளவுதான், நான் கை வைக்க மாட்டேன்.

ஸ்டிக்கர் விஷயம்: லவருக்கு 1959-இல் காப்புரிமை கிடைத்துவிட்டது, அதன் பிறகும் கொஞ்ச காலம் அதே ஸ்டிக்கரை ஒட்டினார்கள். இன்றைக்கு அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதைக் காட்டி யாராவது விலையைக் கூட்டிச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நகரியிலிருந்து:

மாற்றிவிட்டேன் அண்ணா. மூடியைத் தொட்டாலும் சத்தமில்லை, நடுவிலும் கனமாகக் கேட்கிறது. இன்னொரு சந்தேகம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய புது வால்யூம் பாட், மூன்று வரை திருப்பினாலே ஏறக்குறைய முழுச் சத்தம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் திருப்பினால் பெரிய மாற்றம் இல்லை. பாட் மேல் பி500கே என்று இருக்கிறது.

களியக்காவிளையிலிருந்து:

பி என்றால் லீனியர், திருப்பும் அளவுக்குச் சமமாகத் தடை மாறும், காதுக்கோ ஆரம்பத்திலேயே முழுச் சத்தம் வந்த மாதிரி இருக்கும். ஏ என்றால் காதுக்கு ஏற்ப மெல்ல ஏறும் லாக் ரகம். அடுத்த முறை சென்னை போகும்போது ஏ500கே என்று கேட்டு வாங்குங்கள். இந்த பி பாட்-ஐத் தூக்கிப் போட வேண்டாம், டோனுக்கு வைத்துக்கொள்ளலாம்.