மலர்ப் பட்டியலில் ரோசம்மா பெயரைச் சேர்க்க வேண்டும்

ஊர் மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டு மலருக்காகச் செயலாளர் அண்ணன் போன வாரம் அனுப்பிய 'நம் மலையை உயர்த்தியவர்கள்' பட்டியலைப் பார்த்தேன். பதினொரு பேர். அதில் நாலு பேர் வெள்ளைக்காரத் துரைமார். பெண் ஒருத்தர்கூட இல்லை. சண்டைக்கு வரவில்லை அண்ணே. தேயிலைக் கொழுந்து கிள்ளியதெல்லாம் பொம்பளைங்கதானே என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ரோசம்மா புன்னூஸ் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1957-ல் கேரளத்தில் நம் மலையான தேவிகுளம் தொகுதியில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக நின்று ஜெயித்தவர். அப்போது ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் பெட்டி. "கதிர் அருவாப் பொட்டிய கையால தடவிப் பாத்துட்டுத்தான் சீட்ட உள்ள விட்டேன்" என்று என் அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கேரளச் சட்டசபையில் முதல் ஆளாகப் பதவிப் பிரமாணம் எடுத்தவரும், தற்காலிக சபாநாயகராக உட்கார்ந்தவரும் அவர்தான்.

ஆனால் நம் லயத்தில், அதான் எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், பேசியதெல்லாம் ஓட்டுக் கதை மட்டும்தான். அவர் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர் என்று அப்பத்தாவும் சொன்னதில்லை, பள்ளிக்கூடத்திலும் சொன்னதில்லை. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அவருடைய அக்கா அக்கம்மா செறியான். 1909-ல் காஞ்சிரப்பள்ளியில் பிறந்தவர். வரலாறு படித்து, தலைமையாசிரியையாக இருந்தவர், 1938-ல் வேலையை உதறிவிட்டுத் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸில் சேர்ந்தார். பொறுப்பாட்சி, அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்லும் ஆட்சி, கேட்ட அந்த இயக்கத்தை மகாராஜாவின் முதல் மந்திரியான திவான் தடை செய்துவிட்டார். (திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், தமிழர்தான். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.) தலைவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து உள்ளே போட்டார்கள். அடுத்த ஆள் யார் என்று தேடும் நிலை வந்தபோது பொறுப்பு அக்கம்மாவிடம் வந்தது.

1938 அக்டோபர் 23, மகாராஜா சித்திரைத் திருநாளின் பிறந்த நாள் சமயம். திருவனந்தபுரத்தில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனைக்கு ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம் போனார்கள். கதர் உடுத்திய 29 வயதுப் பெண் முன்னால் போனார். கூட்டத்தைச் சுடச் சொல்லி வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி உத்தரவிட்டபோது, நான்தான் தலைவி, மற்றவர்களைக் கொல்லும் முன் என்னைச் சுடு என்று முன்னால் போய் நின்றார். துப்பாக்கி வெடிக்கவில்லை. சிறையில் இருந்த தலைவர்களை விடவேண்டி வந்தது. 'திருவிதாங்கூரின் ஜான்சி ராணி' என்று காந்தி அவரைச் சொன்னார்.

அப்புறம் ஸ்டேட் காங்கிரஸ் செயற்குழு சொன்னபடி தேச சேவிகா சங்கம் என்று பெண்களைத் திரட்ட அக்கம்மா ஊர் ஊராகப் போனார். வீட்டை விட்டு வெளியே வராத பெண்களிடம் தடியடி வாங்க வாருங்கள் என்று கேட்பது லேசான காரியமா? அக்காவும் தங்கையும் சேர்ந்தே கைதானார்கள். ஒரு வருடத் தண்டனை.

சுதந்திரம் வந்த பிறகு இரண்டு பேருக்கும் வழி பிரிந்தது. அக்காவுக்கு மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சீட்டு கொடுக்கவில்லை. கட்சியை விட்டு விலகி, சுயேச்சையாக நின்று தோற்றார். தங்கை 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போய், பின்னால் நம் மலைக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்.

அவர் வந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். 1956 நவம்பரில் செங்கோட்டையின் பெரும்பகுதியும் குமரியும் சென்னை மாநிலத்துக்குப் போக, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. நாம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கொந்தளிப்பு அடங்கவே இல்லை. நாலைந்து மாதத்தில், காஞ்சிரப்பள்ளிக்கார மலையாளிப் பெண்ணுக்கு நம் தமிழ்ச் சனம் ஓட்டுப் போட்டிருக்கிறது. மொழியைப் பார்க்காமல் கூலியைப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாறுபட்ட கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

எதிராளியின் வேட்புமனுவைத் தள்ளியது தப்பு என்று அந்த வெற்றியை ரத்து செய்துவிட்டார்கள். 1958-ல் இடைத்தேர்தல். அப்போதைய முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசுக்குப் பெரும்பான்மையே நூலிழைதான். அதனால் நாடே நம் மேட்டைத் திரும்பிப் பார்த்தது. பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன், அதான் இளையராஜாவின் அண்ணன், மலையேறி வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். நம் ஆட்களிடம் அவர்கள் மொழியிலேயே போய்ச் சேர்ந்த அந்தப் பாட்டுக்கு இந்த ஜெயிப்பில் பெரிய பங்கு உண்டு என்பேன்.

1987-ல் ஆலப்புழையிலிருந்து திரும்பவும் சட்டசபைக்குப் போனார். 2013 டிசம்பர் 28-ல், நூறு வயதில், ஓமனில் சலாலாவில் காலமானார். நான் அப்போது மஸ்கட்டில்தான் இருந்தேன். இதே நாட்டில் அவர் இருக்கிறார் என்பதே தெரியாது. ஊரிலிருந்து தம்பி போன் போட்டுச் சொல்லித்தான் தெரியும். அப்பத்தா ஓட்டுப் போட்ட ஆளை ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். மலரில் இரண்டு பக்கம் ஒதுக்கினால் கட்டுரையை நானே எழுதித் தருகிறேன். துரைமாரில் ஒருவரைக் குறைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் பாவலர் அன்றைக்குப் பாடியதில் ஓரடி, இரண்டடி ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாடச் சொல்லி போனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். என் அப்பத்தாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து,
உங்கள் மேல் லயத்துத் தங்கச்சி